குடிகாரன் என்று பெயரெடுத்த வண்டி

என் வண்டி குடிப்பதில்லை என்று தெரிந்த அன்று எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பிள்ளை குடிக்கிறான் என்று கேள்விப்பட்டு இடிந்துபோன தகப்பன்மாரை நான் பார்த்திருக்கிறேன். குடிகாரன் என்று தானே ஊரெல்லாம் சொல்லிவைத்த பிள்ளை, உண்மையில் அளவுக்கு மேல் ஒரு சொட்டுகூடத் தொட்டதில்லை என்று தெரிந்தால் அந்தத் தகப்பன் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வான்?

வண்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு பேர் உட்காரும் பழைய ஸ்போர்ட்ஸ் கார். சிவப்பு. எனக்குக் கல்யாணமாகும் முன்பே அதற்கு வயது ஏறிவிட்டிருந்தது. கூரை உண்டு, துணிக்கூரை. மழை தூறும்போது எடுத்து மாட்ட ஆரம்பித்தால் மாட்டி முடிப்பதற்குள் வெயில் வந்துவிடும். ஆகையால் அந்தக் கூரை இன்றுவரை நனைந்ததில்லை. உயரம் என்று பார்த்தால், தெருநாய்கள் என்னைக் குனிந்துதான் பார்க்கும். ஒருமுறை எதிரே வந்த லாரிக்கு அடியில் புகுந்து பின்பக்கமாக வெளியே வந்தேன். லாரிக்காரருக்கு இன்றுவரை தெரியாது. நானும் சொல்லிக்கொள்ளவில்லை, எதற்கு அவர் மனசைச் சங்கடப்படுத்துவது என்று.

சத்தமும் உண்டு. புகைபோக்கி இருக்கும் பக்கத்துக் காது முதலில் போயிற்று. தனியாக இருக்கப் பிடிக்காமல் மற்றதும் பின்னாலேயே போய்விட்டது. இப்போது காதில் மிஷின் மாட்டியிருக்கிறேன். மத்தியானத் தூக்கத்துக்கு மட்டும் அதைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுவேன். அப்புறம் வீட்டின் மேல் விமானம் இறங்கினாலும் எனக்குத் தெரியாது.

கிலோமீட்டர் காட்டும் முள் எப்போதோ நின்றுபோயிற்று. மெக்கானிக்கிடம் கேட்டால், "அதுக்கெல்லாம் ஸ்பேர் கிடைக்காது சார், அதோட மானத்தோட அப்படியே இருக்கட்டும்" என்பான். எங்கள் ஊரில் அவனை 'ஸ்பேனர்' என்றுதான் கூப்பிடுவார்கள். என்னைத் தவிர அந்த வண்டியைத் தொட உரிமை உள்ள ஒரே ஆள் அவன்தான் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

வண்டிக்கு மூன்று அதிசயக் குணங்கள் இருந்தன. ஒன்று, சும்மா நின்றாலே பெட்ரோல் குறையும். ஞாயிற்றுக்கிழமை ஒரு சுற்றுப் போய்விட்டு டேங்கை நிரப்பி வைப்பேன். அடுத்த ஞாயிறு பார்த்தால் காலி. "பழைய டேங்க் சார். மூச்சு விடும். மூச்சோட பெட்ரோலும் போயிடும்" என்றான் ஸ்பேனர். இரண்டு, கண்ணாடி தானாகத் திரும்பிக்கொள்ளும். நான் பின்னால் வரும் வண்டியைப் பார்க்க வைத்திருப்பேன், அது என் நெஞ்சுச் சட்டைப் பித்தானைக் காட்டும். மூன்று, சாயங்காலம் பானெட்டைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். இதற்கு என் மனைவியே விளக்கம் சொன்னாள்: "பழைய இரும்புங்க. மத்தியான வெயில வாங்கி வெச்சுக்கும்." வீட்டு மாடிக்குக் கீழே இருக்கும் வண்டிக் கொட்டகைக்குள் வெயில் ஏது என்று எனக்குத் தோன்றவில்லை. மாறாக, இந்த மூன்றையும் நான் போகிற இடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

என் மனைவி நகர நூலகத்தில் தலைமை நூலகராக இருந்து ஓய்வு பெற்றவள். உதட்டில் ஒரு விரலை வைத்தாளானால் மின்விசிறிகூடச் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளும். என் வண்டியில் அவள் என்னோடு வந்ததே கிடையாது. காற்று ஒத்துக்கொள்ளாது என்பாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வீட்டில்தான் மகளும் மாப்பிள்ளையும் பேத்திகளோடு மாடிக்குக் குடிவந்தார்கள். கூடவே ஒரு புது செடான் வந்தது. வெள்ளை. கதவைச் சாத்தினால் தடித்த புத்தகத்தை மூடியது போல ஒரு சத்தம், அவ்வளவுதான். உட்கார்ந்தால் இருக்கை என் இடுப்பை ஞாபகம் வைத்துக்கொள்கிறது. அதை நானே மறந்து வெகுகாலம் ஆயிற்று. உள்ளே ஒரு அம்மாள் குரலாகக் குடியிருக்கிறாள். எதற்கெடுத்தாலும் புத்தி சொல்வாள்.

கொட்டகை ஒன்று, வண்டி இரண்டு. அங்கேதான் வம்பு பிறந்தது.

மாப்பிள்ளைக்குக் காப்பீட்டுக் கம்பெனியில் வேலை. தீப்பிடித்த கடை, முட்டிக்கொண்ட லாரி, இதையெல்லாம் போய்ப் பார்த்துச் சேதத்தை மதிப்பிடுவார். பழக்கதோஷம், என்னைப் பார்க்கும்போதுகூட இன்னும் எவ்வளவு மிச்சம் என்கிற மாதிரியே பார்ப்பார். தங்கமான மனிதர்தான்.

"மாமா, தப்பா எடுத்துக்காதீங்க" என்று ஆரம்பித்தார். இப்படி ஆரம்பிக்கும் பேச்சில் வேறு எப்படி எடுத்துக்கொள்வது என்பதற்கு வழியே இருக்காது. "உங்க வண்டில ரெண்டு பேரு போகலாம். இதுல அஞ்சு பேரு. இதுல ஏர்பேக் இருக்கு, ஏசி இருக்கு, பின்னாடி கேமரா இருக்கு. உங்க வண்டில என்ன இருக்கு?"

"அதுல நான் இருக்கேன்" என்றேன்.

"அதுதான் மாமா எனக்கு பயம்."

மகள் சிரித்துவிட்டாள். "அப்பா, இது வெயில்ல நின்னா சென்சார் எல்லாம் கெட்டுப்போகுமாம்ப்பா. அந்தப் பல் டாக்டர்தான் உங்க வண்டியக் கேட்டுக்கிட்டே இருக்காரே, குடுத்துடலாமே."

கடைத்தெருவில் இருக்கும் பல் மருத்துவரைத்தான் சொன்னாள். அவருக்கு என் வண்டி மேல் நெடுநாள் கண். ஓட்டுவதற்கில்லை. இன்ஜினை உருவி எடுத்துவிட்டு, நோயாளிகள் காத்திருக்கும் அறையில் நிறுத்திவைப்பாராம். பிள்ளைகள் அதில் ஏறி ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டே பல் பிடுங்கும் பயத்தை மறந்துவிடுமாம். குடலை உருவி வாசலில் உட்காரவைப்பதற்கு இப்படியும் ஒரு நல்ல காரணம் உண்டு என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"குடுக்க முடியாது" என்றேன்.

"சரி மாமா, நியாயமா பேசலாம். ஒரு வாரத்துக்கு உங்க வண்டி ஒரு டேங்க் குடிக்குது. நீங்க ஓட்டுறது ஞாயித்துக்கெழம ஒரு ரவுண்டு. இந்தக் குடிகாரனுக்குக் கொட்டகையா? நேருக்கு நேர் வெச்சுப் பாத்துடுவோம். தோத்தா டாக்டருக்கு."

மனைவியைப் பார்த்தேன். அவள் பேத்தியின் தலையை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பு ஒரு கணம் நின்றது மாதிரி இருந்தது. பிறகு நகர்ந்தது. எனக்கோ ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. சரி என்று சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு வண்டிகளையும் பெட்ரோல் பங்கில் கழுத்துவரை நிரப்பினோம். ஊருக்கு மேலே குடிநீர்த் தொட்டி இருக்கிற மலை இருக்கிறதே, வளைந்து வளைந்து போகும் பாதை, அதில் ஏறி இறங்கி அதே பங்குக்குத் திரும்பி மறுபடி நிரப்ப வேண்டும். எதற்கு அதிகம் பிடிக்கிறதோ அது தோற்றது. செடானை மாப்பிள்ளை ஓட்டினார், என் வண்டியை நான். போகும்போதே மனசுக்குள் வண்டியிடம் விடைபெற்றுக்கொண்டேன். ஜெயிக்க வழியே இல்லை என்று எனக்குத் தெரியும்.

திரும்பி வந்து நிரப்பினோம். செடானுக்குக் கொஞ்சம் பிடித்தது. என் வண்டிக்கு அதைவிட ஒரு மிடறு கூடுதலாகப் பிடித்தது. அவ்வளவுதான்.

மாப்பிள்ளை முகத்தில் ஈயாடவில்லை. "தம்பி, மீட்டர் சரியா இருக்கா?" என்று பங்குக்காரனைக் கேட்டார். அவன் குழாயைப் பிடித்தபடி வானத்தை ஆராய்ந்துகொண்டிருந்தான். பக்கத்துப் பட்டறையிலிருந்து வேடிக்கை பார்த்த ஸ்பேனர், ஒரு வேலையும் இல்லாத வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான்.

"மாமா, இவ்வளவுதான் குடிக்குதுன்னா, வாராவாரம் டேங்க் காலியாகுதே, அந்தப் பெட்ரோலெல்லாம் எங்க போகுது?"

பழைய டேங்க், மூச்சு விடுகிறது என்று ஆரம்பித்தேன். நடுவிலேயே வாய் நின்றுவிட்டது. அதை அந்தப் பங்கில் நின்று சொல்லிக் கேட்டபோதுதான் அது எவ்வளவு பெரிய பொய் என்று எனக்கே உறைத்தது. அதுவும் அடுத்தவன் சொல்லிக்கொடுத்த பொய்.

மாப்பிள்ளையின் முகம் வேலைநேர முகமாக மாறியது. "கசியுது மாமா. கொட்டகைக்குள்ளயே கசியுது. அதுக்கு மேல மாடில என் புள்ளைங்க தூங்குது. இப்படி எரிஞ்ச வீடு எத்தனை பாத்திருக்கேன் தெரியுமா? ஜெயிச்சது தோத்தது எல்லாம் விடுங்க. நாளைக்கு சாயங்காலம் டாக்டர வரச் சொல்லிடறேன்."

"கசிஞ்சா வாடை வராதா? இது திருட்டு மாப்ள. எவனோ குழாய விட்டு உறிஞ்சறான்."

"அப்படீன்னா நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள அவனைப் பிடிச்சுக் குடுங்க. வண்டி இருக்கட்டும்."

மறுநாள் மத்தியானம் வழக்கம்போல் சாப்பிட்டேன், வழக்கம்போல் கொட்டாவி விட்டேன். தலையணைகளை நீளவாக்கில் போட்டுப் போர்வையை மூடினேன். தூரத்திலிருந்து பார்த்தால் என்னைவிட அது நன்றாகத் தூங்குகிற மாதிரி இருந்தது. காது மிஷினை மாட்டிக்கொண்டு, மாப்பிள்ளையின் சாவியை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டு, வெளியே நின்ற செடானுக்குள் போய்ப் பதுங்கினேன். மாப்பிள்ளை ரயிலில் வேலைக்குப் போகிறவர், சாவியைத் தேடமாட்டார்.

தெரு அடங்கிக் கிடந்தது. திருடன் எந்தப் பக்கமாகச் சுவரேறுவான் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது கொட்டகைக் கதவு உள்ளேயிருந்து திறந்தது.

என் மனைவி நின்றாள். தலையில் இறுக்கிக் கட்டிய துணி. கண்ணில் கறுப்புக் கண்ணாடி. கக்கத்தில் ஒரு தடித்த அகராதி. அதை என் வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் போட்டாள், அதன் மேல் ஏறி உட்கார்ந்தாள், கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

உண்மையைச் சொல்கிறேன், முதலில் நான் நினைத்தது இதுதான்: திருடன் இவளைக் கட்டிப்போட்டுவிட்டு இவள் வேஷத்தில் வந்திருக்கிறான். பாவி, எவ்வளவு தத்ரூபமாக வந்திருக்கிறான் என்று வியக்கக்கூடச் செய்தேன். பிறகு வண்டிக் கதவைச் சாத்தி, சாத்தியதை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள். எங்கள் வீட்டுப் பூட்டை அப்படி இழுத்துப் பார்க்கிற பிறவி இந்த உலகத்தில் ஒன்றுதான் உண்டு.

நான் கெஞ்சிக் கூத்தாடி, தட்டிக்கொடுத்து, கடைசியில் திட்டினால்தான் கிளம்புகிற வண்டி அது. அவள் சாவியைத் திருப்பியதும் கிளம்பியது. முன்னும் பின்னுமாக உரசி உரசி நான் வெளியே எடுக்கிற கொட்டகையிலிருந்து ஒரே வளைவில் பின்னால் வந்து, தெருமுனையில் சிவப்பாக ஒரு கோடு கிழித்துவிட்டு மறைந்தாள்.

துரத்தாமல் என்ன செய்வது? செடானைக் கிளப்பினேன்.

"சீட் பெல்ட் அணியவும்" என்றாள் உள்ளேயிருக்கும் அம்மாள். அணிந்தேன். "பின் இருக்கையில் இருப்பவர் பெல்ட் அணியவில்லை." திரும்பிப் பார்த்தால் மகள் சலவைக்குப் போட வைத்திருந்த துணிமூட்டை. "அது துணிம்மா" என்றேன். அம்மாள் கேட்பதாக இல்லை, மணியடித்துக்கொண்டே இருந்தாள். இறங்கி, பின்கதவைத் திறந்து, மூட்டைக்குப் பெல்ட் போட்டுவிட்டு வந்தேன். அதற்குள் என் மனைவி கடைத்தெருவைத் தாண்டியிருப்பாள், அதற்கப்புறம் இருப்பது மலைப்பாதை ஒன்றுதான்.

கடைத்தெருவில் ஒரு செய்தித்தாள் காற்றில் பறந்து குறுக்கே வந்தது. செடான் அதற்கு மரியாதை கொடுத்துத் தானாக பிரேக் அடித்து நின்றது. தாள் சாவகாசமாக ரோட்டைக் கடந்தது. பின்னால் வந்தவர்கள் எல்லோரும் என் குடும்பத்தை விசாரித்தார்கள். மறுபடி கிளம்பி வேகமெடுத்தேன். அம்மாள் இந்த முறை கரிசனமாகப் பேசினாள்: "நீங்கள் களைப்பாக இருக்கிறீர்கள். கண்கள் மூடிக்கொண்டிருக்கின்றன. ஓய்வு எடுக்கவும்."

"என் முகமே அப்படித்தாம்மா! பொறந்ததுலேர்ந்து இமை இவ்வளவுதான் தெறக்கும்!"

கேட்டால்தானே? தானாக ஓரங்கட்டி நின்றுகொண்டது. பக்கத்தில் நல்ல காபிக் கடை இருப்பதாகவும் தகவல் சொன்னது. விரல்களால் இமைகளை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, முழங்கையால் ஸ்டியரிங்கைத் திருப்பியபடி அந்த மலையடிவாரம்வரை போனேன் என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டாம். என் மாப்பிள்ளையும் நம்பவில்லை.

அடிவாரத்தில் போக்குவரத்துக் காவலர் கையைக் காட்டி நிறுத்தினார். இமையைப் பிடித்துக்கொண்டு ஓட்டியதற்காக என்று நினைத்தேன்.

"என்ன சார் அதிசயமா இந்தப் பக்கம்? அம்மா இப்பதானே மேல போனாங்க?"

எனக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. "எந்த அம்மா?"

"சிவப்பு வண்டி அம்மா. நம்ம லைப்ரரி அம்மா. இந்த வளைவுகள அவங்க எடுக்கற அழகப் பாக்கறதுக்குன்னே நான் இந்த டியூட்டி கேட்டு வாங்கினேன் சார்."

"எத்தனை நாளா?"

அவர் தயங்கினார். "நான் இங்க மாத்தலாகி வர்றதுக்கு முன்னாடிலேர்ந்தே சார். பங்குல தெரியும், ஸ்பேனருக்குத் தெரியும், எல்லாருக்கும் தெரியும்."

"ஒருத்தர்கூட எங்கிட்ட சொல்லலையேய்யா!"

"எப்படி சார் சொல்றது? அம்மா உதட்டுல விரல வெச்சாங்க. அதுக்கப்புறம் எவன் பேசுவான்?"

எப்படி மலை ஏறினேன் என்று தெரியாது. உச்சியில், தண்ணீர்த் தொட்டியின் நிழலில் என் வண்டி நின்றது. இவள் அதன்மேல் சாய்ந்துகொண்டு ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டு திடுக்கிடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, செடானின் பின் இருக்கையைத்தான் பார்த்தாள்.

"அந்த மூட்டைக்கு எதுக்குங்க பெல்ட்டு?"

திட்ட வேண்டும் என்று வழியெல்லாம் சேர்த்துவைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூடக் கைக்கு அகப்படவில்லை. "நீ... வண்டி... எங்க கத்துக்கிட்ட?" என்றேன்.

"ஸ்பேனரோட அப்பா சொல்லிக் குடுத்தாரு."

"அவரு போய்ச் சேர்ந்து எவ்வளவு காலமாச்சு!"

"ஆமா. நல்ல மனுஷன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கேட்டேனே. கிளட்ச்சு இரும்பு மாதிரி இருக்கும், ஒனக்குச் சரிப்படாதுன்னீங்க. நீங்க மிதிக்கற மாதிரி மிதிச்சா யாருக்கும் சரிப்படாதுதான்."

வண்டியைப் பிள்ளையாக வளர்த்த ஒரு தகப்பனுக்கு இரண்டு அடி ஒரே நாளில் விழலாமா? பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டுமே என்று செடானைத் தொட்டேன். அது விளக்கைச் சிமிட்டியது.

"சாயங்காலம் டாக்டர் வர்றாரு" என்றேன்.

"தெரியும். கடைசியா ஒரு தடவை ஏறிட்டுப் போலாம்னுதான் வந்தேன். எம்மேல இருக்கற குத்தத்துக்கு அது தண்டனை வாங்கப்போகுது. நேத்து ராத்திரியே சொல்லியிருக்கணும். வாய் வரல." வண்டியின் மேல் கையை வைத்தாள். "இதோட வயித்த அறுத்து எடுத்துட்டு, பல்லு வலிக்கற புள்ளைங்களுக்கு பொம்மையா வெப்பாங்களாம். விடுவீங்களா?"

"நான் எங்க விட்டேன்? உம் மாப்பிள்ளை அது கசியுதுங்கறாரு. கசியலேன்னு சொல்லணும்னா, நீதான் குடிச்சேன்னு சொல்லணும்."

"சொல்றேன்."

"எல்லார் எதிர்லயுமா?"

"எல்லாருக்கும் தெரியுமேங்க. வீட்டுல இருக்கறவங்களுக்குத்தானே சொல்லணும்."

இரண்டு வண்டிகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. செடானின் உயரத்துக்கு என் வண்டி தவழ்கிற குழந்தை மாதிரி தெரிந்தது.

"அதுவும் நல்ல வண்டிதாங்க" என்றாள் இவள். "புள்ளைங்களைக் கூட்டிட்டுப் போறதுக்கு அதுக்கு ஈடு கிடையாது. அதுல ஏறினா, எறங்கற எடம் வர்ற வரைக்கும் போறோம்னே தெரியாது. இதுல ஏறினா வழில கிடக்கற ஒவ்வொரு கல்லும் முதுகெலும்புல வந்து பேரு சொல்லிட்டுப் போகும். அது வெயில்ல நிக்கட்டும். அதுக்குத்தான் எல்லாம் தெரியுமே, வேணும்னா குடை புடிச்சுக்கும். இது கொட்டகைல இருக்கட்டும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. போகவிருந்த உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. சாவிக்காகக் கையை நீட்டினேன்.

அவள் கொடுக்கவில்லை.

"ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. நீங்க ஞாயித்துக்கெழம ஓட்டிட்டு வந்து விட்டா, அந்த கியர நான் வியாழக்கெழம வரைக்கும் சமாதானப்படுத்த வேண்டியிருக்கு. இனிமே நீங்க அந்த வெள்ளை வண்டிய ஓட்டுங்க. அந்தம்மா ஒங்களப் பாத்துக்குவா."

பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டாள். "இன்னைக்கு எங்கூட வாங்க. அதை மாப்பிள்ளை வந்து எடுத்துக்கட்டும். நான் ஓட்டறேன், நீங்க டாக்டருக்குப் போனப் போட்டு வரவேண்டாம்னு சொல்லிடுங்க."

என் வண்டியில், என் மனைவிக்குப் பக்கத்தில், இதுவரை நான் உட்கார்ந்திராத இருக்கையில் உட்கார்ந்தேன். அந்தப் பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடியோ கயிறோ எதுவுமே கிடையாது. வண்டியைச் செய்தவர்கள் அங்கே உட்காருகிறவனைப் பற்றி எந்தக் கவலையும் பட்டதாகத் தெரியவில்லை. போனை எடுத்து எண்ணை அழுத்தினேன். மரியாதையாக, சுருக்கமாக என்ன சொல்வது என்று மனசுக்குள் கோத்தும் வைத்துக்கொண்டேன்.

டாக்டர் எடுத்து "ஹலோ" என்றார். சரியாக அந்த நேரத்தில் இவள் முதல் வளைவில் இறங்கினாள். மலை ஒரு பக்கம் போயிற்று, வானம் மறுபக்கம் போயிற்று, ஊர் என் மடிமேல் வந்து விழுகிற மாதிரி எழுந்து வந்தது. கோத்துவைத்தது எதுவும் வெளியே வரவில்லை. வந்தது ஒரு அலறல்தான்.

"வண்டி குடுக்கறதுக்கு இல்ல டாக்டர்!" என்று காற்றை மீறிக் கத்தினாள் இவள். நூலகராக இருந்த காலத்தில் சேமித்துவைத்த குரலையெல்லாம் அன்று ஒரே வாக்கியத்தில் செலவழித்திருப்பாள் என்று நினைக்கிறேன்.

டாக்டர் காதில் அது விழுந்ததோ என்னவோ தெரியாது. அவர் அலறல் கேட்டுப் பழகிய மனிதர். கொஞ்சமும் பதறாமல், அன்பாக விசாரித்தார்:

"எந்தப் பல்லு சார்?"

இரண்டாவது வளைவு வந்துகொண்டிருந்தது.

"எல்லாம் டாக்டர்" என்றேன்.